மலையில கேமரா வெச்சிருக்கிறவங்க எந்த டிரை கேபினெட் வாங்கணும்: கோத்தகிரியிலிருந்து ஒரு ரிவ்யூ

முதல்லயே சொல்லிடறேன். மலையில குடியிருக்கீங்க, ஒரு கேமராவும் ரெண்டு மூணு லென்ஸும் வெச்சிருக்கீங்கன்னா நீங்க அடுத்து வாங்க வேண்டியது இன்னொரு லென்ஸ் இல்ல, டிரை கேபினெட் தான், அதாவது உள்ள இருக்கிற காத்தோட ஈரத்த குறைச்சு வெக்கிற கரன்ட் பெட்டி. ஆனா டிரை கேபினெட்னு பேர் போட்டு ஆன்லைன்ல விக்கிறது எல்லாமே நம்ம ஊருக்கு ஆகாது. உள்ள இருக்கிற மெஷின்ல தகட்ட குளிர வெச்சு ஈரத்த எடுக்கிற பெல்டியர்னு ஒரு வகை, ஈரத்த உறிஞ்சி எடுக்கிற டெசிகன்ட்னு ஒரு வகை இருக்கு, நமக்கு ஆகறது டெசிகன்ட் மட்டும் தான். சென்னை பக்கம் இருக்கிறவங்க போட்ட ரிவ்யூவ நம்பி பெல்டியர் பெட்டிய வாங்கிட்டு முழிக்கிறவங்க எங்க ஏரியாவுலயே இருக்காங்க, அதனாலதான் உக்காந்து இவ்வளவு நீளமா டைப் பண்ணிட்டு இருக்கேன்.

நான் இருக்கிறது கோத்தகிரி. எடுக்கிறது பறவை, தவளை, பூச்சி, பாசி, மழை நாள்ல மரத்து மேல முளைக்கிற ஆர்க்கிட். பாதி நேரம் லாங்வுட் சோலையில தான் இருப்பேன், 116 ஹெக்டேர்னு சொல்றாங்க, 2024ல உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட ராம்சார் லிஸ்ட்லயும் சேத்துட்டாங்க, ஊருக்கு ஒட்டின மாதிரியே இருக்கிற காடு. அங்க நல்ல படம் கிடைக்கிறதே ஈரமான நாள்ல தான். வெயில் அடிக்கிற நாள்ல நீலகிரி சிரிப்பான்ங்கிற பறவை எங்கயோ புதருக்குள்ள சத்தம் மட்டும் குடுத்துட்டு இருக்கும், மூட்டம் போட்டு தூறிட்டு நின்ன உடனே பாத்தா பாதைக்கே வந்து நிக்கும். அதனால கேமராவ மழையில எடுக்காதீங்கன்னு சொல்ற அட்வைஸ் இங்க யாருக்கும் உபயோகம் இல்ல. எடுத்துட்டு வந்து எப்படி காய வெக்கிறோம், எங்க வெக்கிறோம்ங்கிறது தான் விஷயமே.

கீழ இருக்கிறவங்களுக்கு இந்த ஈரம் புரியறது கஷ்டம். டப்பாவ திறந்து வெச்ச அப்பளம் அரை மணி நேரத்துல நமுத்துப் போற மாதிரி தான் இங்க எல்லாமே. கூடலூர், பந்தலூர், தேவாலா பக்கம் ஜூன்ல புடிச்ச மழை ஆகஸ்ட் வரைக்கும் விடாது, 2019 ஆகஸ்ட்ல அவலாஞ்சியில ஒரே நாள்ல 80 சென்டிமீட்டருக்கு மேல பெஞ்சது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். எங்களுக்கும் குன்னூருக்கும் ஐப்பசி கார்த்திகையில தான் வெளுத்து வாங்கும், கொடைக்கானல் காரங்களுக்கும் அந்த மாசம் தான் ஜாஸ்தி. மழை இல்லாத நாள்ல மூட்டம். ஜன்னல் திறந்தா உள்ளயே வந்து உக்காந்துக்கும். பீரோவுல வெச்ச தோல் செருப்பு, பெல்ட், ஸ்கூல் சர்டிபிகேட் ஃபைல் எல்லாத்துலயும் பூசணம், சுவர்ல ஓதம், பீரோவுக்குள்ள குண்டு பல்பு எரிய விட்டு துணியக் காப்பாத்தறது எங்க அம்மா காலத்துல இருந்தே இருக்கிற வழக்கம். அந்த குண்டு பல்பு டெக்னிக் தப்பே இல்லங்க, காத்து சூடானா அதோட ஈரப்பத சதவீதம் குறையும், பூசணத்துக்கு அந்த சதவீதம் தான் கணக்கு. ஆனா கேமராவ பல்பு பக்கத்துல வெச்சு சூடு பண்ண முடியாது, உள்ள கிரீஸ் இருக்கு, ரப்பர் இருக்கு.

லென்ஸ்ல ஃபங்கஸ் வந்தா எப்படி இருக்கும்னு பாக்காதவங்களுக்காக சொல்றேன். எங்க ஊர்ல கல்யாண ஆர்டர் எடுக்கிற ஸ்டுடியோ அண்ணன் ஒருத்தர். 2020 லாக்டவுன்ல ஆர்டரே இல்ல, பேக்க மூடி பரண்ல வெச்சிருக்காரு, மழைக்காலம் முழுக்க அது அங்கயே கிடந்திருக்கு. திரும்ப எடுத்தப்ப வெளிய பாத்தா லென்ஸ் பளிச்சுன்னு தான் இருந்துச்சு. "தம்பி, ஃபோட்டோ எல்லாம் ஏதோ சோப்பு தண்ணி வழியா பாக்கற மாதிரி இருக்கு, என்னன்னு பாரேன்"னு குடுத்தாரு. போன் டார்ச்ச பின் பக்கத்துல இருந்து சாய்ச்சு அடிச்சு முன்னாடி பாத்தோம். ஓரத்துல இருந்து நடுவ நோக்கி சிலந்தி நூல விட மெல்லிசா, கிளை கிளையா பிரிஞ்சு போற வெள்ளை இழை. ரெண்டாவது கண்ணாடிக்கு உள் பக்கம், துணிய வெச்சு துடைக்கவே முடியாத இடம். அவர் ஒரு வார்த்தை பேசல, டார்ச்ச ஆஃப் பண்ணிட்டு மூடிய போட்டுட்டாரு.

அந்த இழை சும்மா உக்காந்திருந்தா பரவாயில்ல, வளரும்போது அமிலத்த விடுது, அது கண்ணாடி மேல இருக்கிற கோட்டிங்க அரிச்சிடும். சீக்கிரம் கண்டுபிடிச்சா பிரிச்சு கிளீன் பண்ணிடலாம், கோட்டிங் போயிட்டா கிளீன் பண்ணாலும் அந்த தடம் அப்படியே நிக்கும். அவருக்கு தடம் நின்னுடுச்சு. வாரன்டி? கார்ட எடுத்து பொடி எழுத்த படிங்க, ஃபங்கஸ், ஈரத்தால வர்ற பாதிப்பு எல்லாம் சேராதுன்னு பெரும்பாலான கம்பெனிக்காரங்க போட்டே வெச்சிருப்பாங்க. லென்ஸ் வாங்கும்போது கடையில எவனும் இத வாய தொறந்து சொல்ல மாட்டான். மலை ஊர் அட்ரஸ் குடுத்து பில் போடறவங்களுக்காவது ஒரு வார்த்தை சொல்லலாம்ல.

சரி, எவ்வளவு ஈரம் இருந்தா ஆபத்து? 60, 65 சதவீதத்துக்கு மேல ஈரப்பதம் தொடர்ந்து இருந்தா ஃபங்கஸுக்கு கொண்டாட்டம். 40ல இருந்து 50க்குள்ள வெச்சிருந்தா நிம்மதி. அதுக்காக 20, 25னு கொண்டு போகக் கூடாது, 30க்கு கீழ தொடர்ந்து போனா ரப்பர், தோல், கிரீஸ் எல்லாம் காஞ்சு போக ஆரம்பிக்கும். அதிகமா உலர்ந்தா அதிக நல்லதுன்னு நிறைய பேர் நினைச்சுட்டு இருக்காங்க, அப்படி இல்ல. மழைக்காலத்துல எங்க வீட்டு ரூம்ல மீட்டர் வெச்சா 85, 90னு காட்டும். அத 45க்கு இறக்கணும், வருஷம் முழுக்க நிறுத்தியும் வெக்கணும். வேலை இவ்வளவு தான், ஆனா இந்த குளிர்ல இது சுலபமில்ல.

இப்ப முக்கியமான இடத்துக்கு வரேன், பெல்டியர் ஏன் ஆகாதுன்னு. பெல்டியர்ங்கிறது ஒரு சின்ன தகடு, கரன்ட் விட்டா ஒரு பக்கம் குளிரும், இன்னொரு பக்கம் சூடாகும். பெட்டிக்குள்ள இருக்கிற காத்து அந்த குளிர்ந்த பக்கத்துல பட்டா ஈரம் தண்ணியா மாறி ஒட்டிக்கும், அத வெளிய வடிச்சு விட்டுடுவாங்க. ஐடியா நல்ல ஐடியா. ஆனா காத்துல இருக்கிற ஈரம் தண்ணியா மாறணும்னா தகடு ஒரு அளவுக்காவது குளிரணும்ல, அந்த அளவு ரூம் சூட்ட பொறுத்து மாறும். ரூம் 30 டிகிரி இருக்குன்னு வெச்சுக்கோங்க, சென்னை வீடு. 45 சதவீதத்துக்கு கொண்டு வர தகடு 17 டிகிரி கிட்ட இருந்தா போதும், சாதாரண விஷயம். ரூம் 16 டிகிரி, கோத்தகிரியில ஜூலை மாசம். அதே 45க்கு தகடு 4 டிகிரிக்கு போகணும். ரூம் 10 டிகிரி, ஊட்டியில மார்கழி ராத்திரி. இப்ப தகடு ஜீரோவுக்கும் கீழ போனா தான் உண்டு, போனா தண்ணி வடியாது, ஐஸா உறைஞ்சு தகட்டயே மூடிக்கும், அதுக்கப்புறம் ஈரம் எடுக்கவும் செய்யாது. கரன்ட் ஓடிட்டே இருக்கும், லைட் எரிஞ்சுட்டே இருக்கும், உள்ள ஒண்ணும் நடக்காது. பெட்டியில கோளாறு இல்ல, அது செஞ்சதே சூடான ஊருக்கு.

ஊட்டியில ஃபிங்கர்போஸ்ட் பக்கம் இருக்கிற ஃப்ரெண்ட் ஒருத்தன் வாங்கினது இது தான். லிஸ்டிங்ல எங்கயும் பெல்டியர்னு இல்ல, "சைலன்ட் எலக்ட்ரானிக் டீஹியூமிடிஃபைங் சிஸ்டம்"னு அலங்காரமா எழுதியிருந்தாங்க. டிஸ்பிளேல எப்ப பாத்தாலும் 45, 46. மழை கொட்டுது, கதவ திறந்து அஞ்சு நிமிஷம் விட்டு மூடறோம், 47 காட்டிட்டு திரும்ப 45. எனக்கு அங்கயே சந்தேகம் வந்துடுச்சு. எந்த பெட்டியும் அவ்வளவு சீக்கிரம் இறக்காது.

அப்ப தான் உப்பு டெஸ்ட் பண்ணோம். இத எல்லாரும் பண்ணிப் பாருங்க, செலவே இல்ல. ஒரு தனி ஈரப்பத மீட்டர் வாங்கிக்கோங்க, சின்னதா டிஜிட்டல்ல வரும். சோடா பாட்டில் மூடி ஒண்ணு எடுத்து சமையல் உப்ப நிரப்பி சொட்டு சொட்டா தண்ணி விடுங்க, உப்பு கரைஞ்சு போயிடக் கூடாது, ஈர மணல் மாதிரி களியா நிக்கணும். அந்த மூடியையும் மீட்டரையும் ஒரு ஜிப்லாக் கவர்ல போட்டு, உப்பு மீட்டர் மேல படாம, காத்து கொஞ்சம் இருக்கிற மாதிரி இறுக்கி மூடி ராத்திரி முழுக்க அப்படியே விட்டுடுங்க. காலையில மீட்டர் 75 காட்டணும். ஊட்டி குளிரா இருந்தாலும் மேட்டுப்பாளையம் வெயிலா இருந்தாலும் களி உப்பு பக்கத்துல காத்தோட ஈரப்பதம் 75 கிட்ட தான் நிக்கும், சூடு மாறினாலும் இது பெருசா மாறாது, அது தான் இதோட அழகு. மீட்டர் 71 காட்டினா அது 4 கம்மியா காட்டற மீட்டர்னு ஒரு ஸ்டிக்கர் ஒட்டி எழுதி வெச்சுக்கோங்க, முடிஞ்சுது.

அப்படி சரி பாத்த மீட்டர ஃப்ரெண்டோட பெட்டிக்குள்ள வெச்சு மூடினோம். பெட்டி டிஸ்பிளே 45ங்குது, உள்ள இருக்கிற மீட்டர் 72. அவன் முகம் போன போக்க பாக்க முடியல, உள்ள அவனோட 150-600 லென்ஸ் இருக்கு, சேத்து வெச்சு வாங்கினது. உடனே டார்ச் அடிச்சு பாத்தோம், நல்ல வேளை ஒண்ணும் இல்ல. வித்தவங்களுக்கு மெசேஜ் போட்டா ரொம்ப நாள் கழிச்சு ஒரு பதில், "சார் ரூம் டெம்பரேச்சர் 20 டிகிரிக்கு மேல இருக்கணும், மேனுவல்ல இருக்கு". ஆமா இருக்கு, கடைசி பக்கத்துல. வாங்கறதுக்கு முன்னாடி பாக்கற பக்கத்துல இல்ல. ரிட்டர்ன் தேதியும் முடிஞ்சுது. இத கோளாறுன்னு ஒத்துக்கவும் மாட்டேங்கிறாங்க. 45னு பொய் காட்டற டிஸ்பிளேவ பத்தி கேட்டா பதிலே இல்ல, என்னைப் பொறுத்தவரைக்கும் குளிருக்கு வேலை செய்யாதத கூட மன்னிச்சிடலாம், பொய் காட்டறது தான் மன்னிக்க முடியாத விஷயம், ஏன்னா அத நம்பி தான் மனுஷன் நிம்மதியா தூங்கறான்.

இப்ப என்கிட்ட இருக்கிற பெட்டி. டெசிகன்ட் வகை, 50 லிட்டர், கண்ணாடி கதவு, ரெண்டு தட்டு. பிராண்ட் பேர் வேணும்னே சொல்லல, ஏன்னா ஒரே மாதிரி பெட்டி பல ஸ்டிக்கர்ல வருது, இன்னிக்கு நான் சொல்ற பேர்ல நாளைக்கு வேற மெஷின் போட்டு விக்கலாம். பேர பாக்காதீங்க, உள்ள என்ன இருக்குன்னு பாருங்க.

டெசிகன்ட் வகையில ஈரத்த உறிஞ்சற குருணை மாதிரி பொருள் ஒரு சின்ன டப்பாவுல இருக்கும். அந்த டப்பாவுக்கு ரெண்டு கதவு, ஒண்ணு பெட்டிக்குள்ள பாத்து, ஒண்ணு வெளிய பாத்து. சாதாரணமா உள் கதவு திறந்திருக்கும், குருணை உள்ள இருக்கிற ஈரத்த இழுத்துட்டே இருக்கும். நிறைஞ்சதும் ஒரு சின்ன ஹீட்டர் ஆன் ஆகும், உள் கதவு மூடி வெளிக் கதவு திறக்கும், சூட்டுல குருணையில இருக்கிற ஈரம் வெளிய போயிடும், திரும்ப ஆறினதும் பழையபடி. அந்த கதவ இழுக்கிறதுக்கு மோட்டார் கூட இல்ல, சூடு பட்டா வடிவம் மாறற ஒரு உலோக ஸ்பிரிங் தான், நல்ல மூளை. ராத்திரி அமைதியா இருக்கும்போது காத குடுத்தா அது மாறும்போது சின்னதா ஒரு 'டிக்' கேக்கும். பின் பக்கம் கைய வெச்சா அப்ப மட்டும் வெதுவெதுன்னு இருக்கும்.

இதுல நமக்கு ரெண்டு பெரிய லாபம். ஒண்ணு, குளிர் இதுக்கு தொல்லையே இல்ல, குருணை குளிர்லயும் உறிஞ்சும். இன்னொண்ணு கரன்ட் கட். மழைக்காலத்துல மரம் லைன் மேல சாஞ்சா ரெண்டு நாள் கரன்ட் வராத ஊர் நம்ம ஊர். கரன்ட் போனா ஸ்பிரிங் தன்னால உள் கதவு திறந்த நிலைக்கு வந்துடுது, குருணை கரன்ட் இல்லாமயே கொஞ்ச நேரம் உறிஞ்சிட்டே இருக்கும். போன ஐப்பசியில ராத்திரி முழுக்க கரன்ட் இல்லாம காலையில பாத்தப்ப உள்ள வெச்ச தனி மீட்டர் ரெண்டு மூணு பாயின்ட் தான் ஏறியிருந்துச்சு, கதவ திறக்காம இருந்ததும் காரணம். கரன்ட் பில்லுல வித்தியாசம் தெரியற அளவுக்கு எதுவும் இல்ல.

புதுசா வாங்கின உடனே 45க்கு வந்துடும்னு எதிர்பாக்காதீங்க. பெட்டியோட ஸ்பான்ஜ், தட்டு, நீங்க உள்ள வெக்கிற கேமரா ஸ்ட்ராப், எல்லாமே ஈரத்த குடிச்சு வெச்சிருக்கும், அதெல்லாம் கக்கி முடிக்க நாள் ஆகும். முக்கியமா கேமரா பேக்கோட தூக்கி உள்ள வெக்காதீங்க. பேக் குஷன் தான் வீட்டுலயே அதிக ஈரம் குடிச்ச பொருள். சோலையில இருந்து வந்ததும் நான் கேமராவ துணியில துடைச்சு, லென்ஸ் மூடிய கழட்டி, ஸ்ட்ராப்ப தனியா எடுத்து தொங்க விட்டுட்டு, அப்புறம் தான் உள்ள வெக்கிறேன். ஒவ்வொரு தடவை கதவ திறந்தாலும் பழைய நிலைக்கு வர சில மணி நேரம் எடுத்துக்குது, அது நியாயமான வேகம் தான்.

குறைன்னு பாத்தா இருக்கு. 50 லிட்டர்னு போட்டிருக்காங்களே தவிர மெஷின் டப்பா உள்ள பின் சுவர்ல துருத்திட்டு நிக்குது, அந்த இடத்துல தட்டு முழுசா உபயோகம் ஆகாது. விளம்பரப் படத்துல நாலு லென்ஸ் அழகா நிமிந்து நிக்கும், நிஜத்துல நீள லென்ஸ் நிக்கணும்னா நடுத் தட்ட கழட்டணும், கழட்டினா மத்தது எல்லாம் கீழ குவியும். வாங்கறதுக்கு முன்னாடி உங்க பெரிய லென்ஸ ஸ்கேல் வெச்சு அளந்துட்டு, பெட்டியோட உள் அளவ கேட்டு வாங்கிக்கோங்க, வெளி அளவ தான் எல்லாரும் போடறாங்க. உள்ள ஒரு நீல எல்.இ.டி, அணைக்க பட்டனே இல்ல, படுக்கிற ரூம்ல வெச்சா கண்ண குத்துது, நான் கறுப்பு டேப் ஒட்டிட்டேன். பெட்டியோட சொந்த டிஸ்பிளே 3 பாயின்ட் கம்மியா காட்டுது, அது பரவாயில்ல, எப்பவும் அதே 3 தான், அதனால நம்பலாம். சாவி பூட்டு பொம்மை பூட்டு, சின்னப் பசங்க இருக்கிற வீட்டுக்கு உதவாது.

விலை பத்தாயிரத்த ஒட்டி வந்துச்சு. அதே அளவு பெல்டியர் பெட்டி இதுல முக்கால்வாசிக்கு கிடைக்கும், அந்த வித்தியாசத்த பாத்து தான் நிறைய பேர் அந்தப் பக்கம் போறாங்க.

டெலிவரி கதை தனிக் கதை. கண்ணாடி கதவு வெச்ச பொருள், மேட்டுப்பாளையத்துல இருந்து ஊசி வளைவுல குலுங்கி வரணும். முதல்ல பின்கோடு போட்டா "உங்கள் பகுதிக்கு டெலிவரி இல்லை". வேற ஒருத்தர்கிட்ட போட்டா இருக்குன்னு வந்துச்சு, அப்புறம் கூரியர் தம்பி போன், "அண்ணா பெரிய பார்சலுங்கண்ணா, வண்டியில ஏத்த முடியல, நீங்களே வந்து எடுத்துக்கிறீங்களாண்ணா?" பாவம் அந்தப் பையன் மேல தப்பே இல்ல, டூவீலர்ல அத எப்படி கட்டிட்டு வருவான். கம்பெனி தான் டெலிவரி சார்ஜ் வாங்கியிருக்கு, பெரிய சாமானுக்கு மலைக்கு வண்டி அனுப்ப மாட்டேங்குது. ஜீப் புடிச்சு நாங்களே போய் எடுத்துட்டு வந்தோம். அங்கயே பிரிச்சு கண்ணாடிய பாத்து வீடியோ எடுத்துட்டு தான் கையெழுத்து போட்டேன், நீங்களும் அப்படியே பண்ணுங்க, வீட்டுக்கு வந்து பிரிச்சு விரிசல் இருந்தா யார் உடைச்சாங்கன்னு ஆறு மாசம் பேசிட்டு இருக்க வேண்டியது தான்.

ஒரே கேமரா, ஒரே லென்ஸ் தான் இருக்குன்னா இவ்வளவு செலவு பண்ண வேணாம், நிஜமா தான் சொல்றேன். ரப்பர் வளையம் வெச்சு நாலு பக்கமும் கிளிப் போடற பிளாஸ்டிக் டப்பா பாத்திரக் கடையில கிடைக்கும், பெருசா ஒண்ணு வாங்குங்க. உள்ள சிலிக்கா ஜெல், பக்கத்துல மீட்டர். சிலிக்கா ஜெல் தன்னோட எடையில மூணுல ஒரு பங்கு வரைக்கும் தண்ணி இழுக்கும், அதனால ஷூ டப்பாவுல வர்ற குட்டி பொட்டலம் ரெண்டு போட்டா ஒண்ணும் ஆகாது, அரை கிலோவாவது போடணும். நிறம் மாறற ஜெல்லா வாங்குங்க. நீலம் ரோஸா மாறறது ஒரு வகை, அதுல கோபால்ட் குளோரைடு இருக்கு, உடம்புக்கு நல்லதில்ல, ஆரஞ்ச் பச்சையா மாறறது தான் நான் வாங்கறது. மாறினதும் தனி இரும்பு சட்டியில சிம்ல வெச்சு மெதுவா வறுத்தா திரும்ப ஆரஞ்ச் ஆகிடும், தீய கூட்டினா வெடிச்சு கறுத்துடும். 120 டிகிரி தாண்டக் கூடாது, ஓவன் இருக்கிறவங்களுக்கு அது சுலபம். அந்த சட்டியில அப்புறம் சமைக்காதீங்க. ஆறினதும் உடனே டப்பாவுல போட்டு மூடிடணும், மழைக்காலத்துல அத வெளிய வெச்சுட்டு ஒரு போன் பேசிட்டு வந்தாலே அது ரூம் ஈரத்த குடிக்க ஆரம்பிச்சிருக்கும். டப்பா வழியில ஒரே தொல்லை இந்த வறுக்கிற வேலை தான், ஐப்பசியில அடிக்கடி வறுக்கணும், சோம்பேறித்தனம் பட்டா அவ்வளவு தான்.

அரிசியில போட்டு வெக்கிறது வேண்டாம். மாவும் தூசியும் பட்டன் சந்துல போறது தான் மிச்சம், இழுக்கிற ஈரமும் சொற்பம். அந்துருண்டையும் வேண்டாம், ஆவி லென்ஸ் கண்ணாடியில படியும். வெயில்ல காய வெச்சா ஃபங்கஸ் செத்துடும்னு சொல்வாங்க, வெயில்ல இருக்கிற புற ஊதாக் கதிர் தான் கொல்லும்ங்கிறது கணக்கு, ஆனா லென்ஸ் கண்ணாடியே அதுல நிறைய தடுத்துடும், உள்ள இருக்கிறதுக்கு எவ்வளவு போய் சேரும்.

பெட்டி வாங்கியாச்சு, இனி கவலை இல்லன்னு இருக்க முடியாது, ஏன்னா மலையில இன்னொரு தொல்லை ஏத்தம் இறக்கம். ஊட்டி 2240 மீட்டர், மேட்டுப்பாளையம் 300 சொச்சம். குளிர்ந்து கிடக்கிற கேமராவோட கீழ இறங்கினா அடிவாரத்துல கல்லாறு வரும்போது கண்ணாடி மேல முத்து முத்தா தண்ணி பூக்கும். கல்ஹட்டி வழியா 36 கொண்டை ஊசி இறங்கி மசினகுடி போனாலும் அதே தான். வெளிய பூத்தா துடைச்சுக்கலாம், உள்ள பூத்தா? அதனால கிளம்பும்போதே மேல, அந்த குளிர் காத்தோடயே, கேமராவ ஜிப்லாக் கவர்ல போட்டு இறுக்கிடறேன். கீழ போய் கேமரா வெதுவெதுப்பான அப்புறம் தான் கவர திறக்கிறது. யானை நின்னுட்டு இருந்தாலும் சரி, அவசரப்பட்டு திறக்கிறதில்ல. வீட்டுலயும் இது உண்டு, மார்கழி காலையில உறைபனி எடுக்கப் போயிட்டு நேரா அடுப்பு எரியற சமையக்கட்டுக்குள்ள கேமராவோட வந்து நிக்காதீங்க.

இதே மலையில தான் 1960ல இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் ஆரம்பிச்சாங்க, இந்து நகர்ல, நாட்டுக்கே ஃபிலிமும் எக்ஸ்ரே ஃபிலிமும் இங்க இருந்து போச்சு. எங்க வீட்டு பழைய ஆல்பத்துல இருக்கிற கறுப்பு வெள்ளை படம் பாதி அந்த இந்து ஃபிலிம் தான். கொடைக்கானல் சூரிய ஆராய்ச்சி நிலையத்துல நூறு வருஷத்துக்கு முந்தி கண்ணாடித் தகட்டுல எடுத்த சூரியன் படங்கள இன்னிக்கும் பத்திரமா வெச்சு, டிஜிட்டலும் பண்ணிட்டாங்க. அதே மூட்டம், அதே மழை தான் அங்கயும். ஆனா மலை முழுக்க கல்யாண நெகட்டிவ், பழைய லென்ஸ், அப்பா வாங்கின கேமரான்னு எத்தனை வீட்டுல பூசணம் பூத்து கிடக்கோ, நினைச்சா மனசு கேக்கல. என் பெட்டியில கீழ் தட்ட இப்ப எங்க அம்மா எடுத்துக்கிட்டாங்க, பத்திரம், சர்டிபிகேட், எங்க தாத்தா நெகட்டிவ் கவர் எல்லாம் அங்க தான். ஸ்டுடியோ அண்ணனும் இதே வகையில ஒண்ணு வாங்கிட்டாரு, மிச்சமிருந்த லென்ஸ் எல்லாம் அதுக்குள்ள.

வாங்கப் போறவங்க வித்தவங்ககிட்ட முதல்ல இத எழுத்துல கேளுங்க: உள்ள பெல்டியரா டெசிகன்டா, எத்தனை டிகிரி குளிர் வரைக்கும் வேலை செய்யும். பதில் சுத்தி வளைச்சு வந்தா விட்டுடுங்க. பெட்டிய ஓதம் காக்கிற சுவரோட ஒட்டி வெக்காதீங்க, பின்னாடி ஒரு சாண் இடம் விடுங்க, ஈரத்த அது அந்தப் பக்கம் தான் வெளிய விடுது. கதவு ரப்பர மாசம் ஒரு தடவை துடைங்க. என் பெட்டியில கீழ் மூலையில ரப்பர் லேசா விலக ஆரம்பிச்சிருக்கு, காகிதத்த கதவுல வெச்சு மூடி இழுத்து பாத்தா அந்த மூலையில மட்டும் இறுக்கம் இல்லாம வந்துடுது. ஸ்பேர் ரப்பர் கேட்டு எழுதியிருக்கேன், அனுப்பறேன்னு சொல்லியிருக்காங்க. வந்து மாட்டின அப்புறம் அதையும் எழுதறேன்.